தடித்த எழுத்தில் ஒரு வரி

கண் மருத்துவமனையின் இணையதளத்தைக் கவனிப்பவள் அவள். அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் தலைப்பு டீச்சர். யாராவது ஒரு வரியைத் தலைப்பு என்று குறிக்காமல் வெறுமனே எழுத்தைத் தடிமனாக்கிவிட்டுப் போனால் பிடிபிடியென்று பிடித்துவிடுவாள். "பாக்கிறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். எங்கண்ணனுக்கு ஒண்ணில்ல" என்பாள்.

அண்ணனுக்குப் பார்வை போய் ஆறு வருடம். திரையில் இருப்பதை அவருடைய போன் வாசித்துச் சொல்லும். பக்கம் முழுவதையும் கேட்க யாருக்குப் பொறுமை? விரலால் தள்ளினால் தலைப்புக்குத் தலைப்பு தாவும்; வேண்டிய இடத்தில் நிறுத்திக் கேட்பார். தடித்த எழுத்தில் அது நிற்காது. இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

போன மாதம் மேலாளர் அவள் மேசைக்கு வந்து நின்றார்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி சாப்பிடக் கூடாதுன்னு இவ்வளவு பெருசா எதுக்கு? பாத்ததும் பயந்துடுவாங்க. சின்னதாக்குங்க."

தலைப்பின் அளவை மாற்ற வடிவமைப்பாளரிடம் சொல்ல வேண்டும். அந்த மகராசன் ரெண்டு நாள் இழுப்பான். அன்றைக்கென்று அவளுக்குத் தலைவலி வேறு. தலைப்பு என்பதை எடுத்துவிட்டுத் தடித்த எழுத்தைப் போட்டாள். அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். எங்கே செய்தாள், மறந்தே போனாள்.

ஒன்றரை வருடம் காத்திருந்த அண்ணனை ஒரு காலையில் அதே மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். தானமாகக் கருவிழி வந்திருக்கிறதாம். "பதினோரு மணிக்கு வாங்க. என்னென்ன செய்யணும்னு வெப்சைட்ல இருக்கு."

தங்கையை நேரில் போய் அசத்தலாம் என்று அவளிடம் சொல்லவில்லை. பக்கத்தைத் திறந்து தலைப்புத் தலைப்பாகத் தாவினார். கொண்டுவர வேண்டியவை, வர வேண்டிய இடம், உடன் வருபவர். மூன்றையும் மனப்பாடம் செய்தார். சந்தோஷத்தில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

மயக்க மருந்து கொடுப்பவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார், திருப்பி அனுப்பிவிட்டார். கருவிழி பட்டியலில் அடுத்து இருந்தவருக்குப் போனது. இனி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

விஷயம் கேட்டு அடித்துப்பிடித்து இறங்கி வந்தாள். அண்ணன் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிடக் கூடாதுன்னு எங்கேயும் தலைப்பு வரலையேம்மா. ரெண்டு தடவை தாவிப் பாத்தேன்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மடியிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"எவனோ தடிமனாக்கிட்டுப் போயிருப்பான், நீ திட்டுவியே, அந்த மாதிரி ஆளு." அவர் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "உனக்குத் தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டே."

"மாட்டேண்ணே" என்றாள், பாவி.