நறுக்கிய மூச்சு

மாடி அறைக் கதவைச் சாத்திய பிறகும் கீழே ஐஸ் பெட்டியின் மோட்டார் ஓடுவது பிரிட்டோவுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கம்ப்யூட்டரைத் திறந்து அக்காவின் பாட்டைத் தேடினான்.

அக்கா கிறிஸ்டினா ஹாலில் கிடத்தப்பட்டிருந்தாள். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கேன்டீனைக் கவனித்துக்கொண்டிருந்தவள். முந்தின நாள் காலை பெருங்களத்தூரில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றபடியே சரிந்துவிட்டாள். இதய வால்வு பழுதாகி மாதக்கணக்கில் ஆகியிருக்கும் என்றார் டாக்டர். "மூச்சு வாங்குதுன்னு அவங்க சொல்லவே இல்லையா?" என்று கேட்டார்.

அக்கா புருஷன் வேதசிரோமணி உள்ளே வந்தார். சவரம் செய்யாத முகம்.

"மச்சான், ஆராதனையில அவ பாட்டையே போடலாம்னு பாஸ்டர் சொல்றாரு. ஈஸ்டருக்கு நீ ரெக்கார்டு பண்ணியே, அது. பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி."

"தரேன் மாமா. உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். திரையில் அக்காவின் குரல் பச்சைக் கோடாக ஏறி இறங்கி விரிந்தது.

பாட்டைப் பதிவு செய்த அன்றைக்கு அவள் அதே நாற்காலியில்தான் இருந்தாள். கல்யாண வீடியோக்களுக்கும் சபைப் பாடல்களுக்கும் ஒலி கலந்துகொடுப்பது பிரிட்டோவின் பிழைப்பு. குரலுக்கு முதலில் ஈக்யூ, பிறகு கம்ப்ரஸர் என்பது அவன் பழக்கம். ஈக்யூவில் வேண்டாத இரைச்சலைக் கழித்துவிட்டு, கம்ப்ரஸரில் ஓங்கிய இடத்தை அமுக்கி, தணிந்த இடத்தைத் தூக்கிவிடுவான்.

"எது முன்னாடி போனா இன்னாடா? ரெண்டும் அதே ரெண்டுதானே?" என்றாள் அக்கா.

"நீ அரிசிய கல்லு பொறுக்கிட்டு உலையில போடுவியா, போட்டுட்டுப் பொறுக்குவியா?"

சிரித்தாள். சிரித்ததற்கே இருமல் வந்தது.

ஆனால் அவள் குரலுக்கு அந்த வரிசை ஒத்துவரவில்லை. ஒவ்வொரு அடியின் கடைசியிலும் குரல் இறங்கிப்போயிற்று. அதைக் கம்ப்ரஸர் தூக்கிவிட்டபோது, கூடவே அவள் மூச்சு வாங்குவதும் மேலே வந்தது. முன்பெல்லாம் அடிக்கு ஒரு தடவை இழுத்துக்கொண்டிருந்தவள், பாதி அடிக்கே இழுத்தாள். பிரிட்டோ வரிசையை மாற்றினான். முதலில் கம்ப்ரஸரில் அழுத்திச் சமன் செய்தான். பிறகு ஈக்யூவில் மூச்சின் சீறலை மழுக்கினான். அதற்கும் அடங்காததைக் கையாலேயே நறுக்கி எறிந்தான். ஒரு பகல் முழுக்க அந்த வேலை. சலித்துக்கொள்ளக்கூட இல்லை, நேர்த்தியாக வந்துகொண்டிருந்தது.

"மூச்சு வாங்குதுடா இப்பல்லாம்," என்று அவள் சொன்னது அப்போதுதான்.

"அத நான் சரி பண்ணிடறேன்க்கா," என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வேதசிரோமணி தொண்டையைச் செருமினார்.

"இந்தப் பாட்ட அவ எனக்குப் போட்டுக் காட்டுனா மச்சான். அந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு சொல்லிகினு இருந்தா. மாடிப்படி ஏறவே முடியலன்னா. கேட்டுட்டு நான்தான் சொன்னேன். இவ்ளோ நல்லா இழுத்துப் பாடுறவளுக்கு இன்னாடி மூச்சு வாங்குதுன்னு. அவளும் சிரிச்சுட்டு, ஆமால்லன்னா. அதோட வுட்டுட்டோம்."

பிரிட்டோவின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. நறுக்கிய மூச்சுத் துண்டுகளை ஒவ்வொன்றாக அவற்றின் இடத்தில் திரும்ப வைத்தான். ஈக்யூவை அணைத்தான். கம்ப்ரஸரையும் அணைத்தான். பாட்டை ஓடவிட்டான்.

அக்கா பாடினாள். இரண்டு சொல், ஒரு மூச்சு. மூன்று சொல், ஒரு மூச்சு. அடியின் கடைசிச் சொல் பாதியிலேயே தேய்ந்துபோயிற்று.

வேதசிரோமணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எது?"

"அவ பாடினது மாமா."

"அப்ப நான் கேட்டது?"

கீழே யாரோ பூமாலையை எங்கே வைப்பது என்று கேட்டுக் கூப்பிட்டார்கள். வேதசிரோமணி எழுந்தார். கதவுவரை போனவர், திரும்பாமலேயே சொன்னார்.

"இதையே போடு."

படியில் அவர் இறங்கும் சத்தம் நெடுநேரம் வரவில்லை. பிறகு வந்தது.

சர்ச்சில் மின்விசிறிகள் சுழன்றும் புழுக்கம் அடங்கவில்லை. பிரிட்டோ பின்பக்கம் மிக்ஸர் அருகே நின்றான். பாஸ்டர் தலையசைத்ததும் பாட்டைப் போட்டான்.

முதல் அடியிலேயே பாடகர் குழுவில் ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவள் கேட்டுப் பழகிய பாட்டு இல்லை இது. பெரிய ஸ்பீக்கர்களில் ஒவ்வொரு மூச்சும் கூரைவரை போய்த் திரும்பிற்று. இரண்டாவது சரணத்தில் குரல் ஓரிடத்தில் நின்றே போனது. பிறகு ஒரு நீண்ட இழுப்பு, அடுத்த சொல்.

முன்வரிசையில் அம்மா கன்னியம்மா இருந்தாள். நேற்றிலிருந்து அழுது தொண்டை கட்டிப்போனவள். வேதசிரோமணி பிடித்திருந்த கையை விடுவித்துக்கொண்டு எழுந்தாள். பெட்டியருகே போனாள். முந்தானையை உதறி, நுனியைப் பிடித்துக்கொண்டு, மகளின் முகத்துக்கு மெதுவாக விசிறத் தொடங்கினாள்.