கதவில் தொங்கிய நோட்டு

என் முட்டைகளை யாரோ கெடுக்கிறார்கள் என்று எனக்கு முதல் தடவையே பொறி தட்டியது. கோழி முட்டை அல்ல, அந்துப்பூச்சி முட்டை. கடுகில் பாதி இருக்கும். இருபத்தேழு டிகிரி சூட்டில் இன்குபேட்டரில் வைத்தால் ஏழாம் நாள் எல்லாம் சேர்ந்து பொரிய வேண்டும். அந்தப் புழுக்களை வைத்துத்தான் என் ஆய்வின் கடைசி அத்தியாயம்.

முதல் தடவை நாலைந்து பொரியவில்லை. உஷாராகிக் காவல் காத்தேன். இரண்டாவது தடவை பாதி போயிற்று. காவல் காத்தும் போகிறதென்றால் அது சாதாரண ஆள் வேலையா? மூன்றாவது ட்ரேதான் கடைசி. அதோடு பூச்சிகளின் பருவமும் முடிகிறது, என் பிஎச்.டி. பதிவுக் காலமும் முடிகிறது.

இன்குபேட்டர் ஒன்று, சாவி இரண்டு. ஒன்று என்னிடம், மற்றது பூனையிடம். நடந்து வருவது காதில் விழாததால் என் சக ஆய்வு மாணவனுக்கு அந்தப் பெயர். பாலுக்குப் பூனை காவல் என்று நான்தான் முதலில் கிண்டலடித்தேன். பிறகு எனக்கே சிரிப்பு வரவில்லை. அவனுடையதும் என் தலைப்புக்குப் பக்கத்துத் தலைப்பு. அவன் முந்திக்கொண்டால் என் ஐந்து வருடம் ஆற்றில் கரைத்த புளி.

இன்குபேட்டர் கதவில் ஒரு நோட்டு தொங்கும். நாளுக்கு ஒரு தடவைதான் திறக்கலாம், திறந்தால் நேரமும் காரணமும் எழுத வேண்டும். எங்கள் பேராசிரியை மேடம் போட்ட சட்டம். நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். எழுதினால், எப்போது காவல் இருக்கிறேன் என்று திருடனுக்கு நானே நேரம் சொன்ன மாதிரி ஆகாதா? வகுப்புக்கு முன்னால் ஒரு தடவை, டீக்குப் பிறகு ஒரு தடவை, அவன் எழுந்து போனால் ஒன்று, திரும்பி வந்தால் ஒன்று. ட்ரேயை வெளியே எடுத்து எண்ணுவேன். ஒன்றும் குறையாது. குறையாததுதான் சந்தேகத்தை வளர்த்தது. கைதேர்ந்த ஆள்!

புதன்கிழமை, கீழ்த்தட்டில் இருந்த என் ட்ரே மேல்தட்டில் இருந்தது. நோட்டில் பூனையின் கையெழுத்து: "காலை 10.10. உன் ட்ரேயை மேலே மாற்றினேன். கீழே சூடு நிற்கவில்லை." எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று எழுதியே கொடுத்துவிட்டான். நோட்டோடு மேடம் அறைக்கு ஓடினேன்.

"பாருங்க மேடம், இந்த வாரம் முழுக்க அவன் மட்டும்தான் திறந்திருக்கான். என் ட்ரேலயும் கை வெச்சிருக்கான்."

மேடம் அவனைக் கூப்பிட்டார். "நெஜமா?"

"ஆமா மேடம். கீழ சூடு இறங்கிட்டே இருந்துச்சு, அதான்..."

"அவகிட்ட கேட்டியா?"

"நோட்டுல எழுதினேன்."

"நான் விசாரிக்கிற வரைக்கும் சாவி இங்க இருக்கட்டும்."

அவனுடைய பூச்சிகளும் உள்ளேதான் இருந்தன. சாவியை மேசையில் வைத்தான். சத்தமே வரவில்லை. அதையும் நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை நான் உள்ளே நுழைந்ததுமே மேடம் கூப்பிட்டார். மேசையில் நீளமாக ஒரு கிராஃப். இன்குபேட்டருக்குள் இருக்கும் கருவி நிமிடத்துக்கு நிமிடம் சூட்டைப் பதிந்துவைக்கும். எனக்கும் தெரிந்த கருவிதான். ஆளையே பார்த்துக்கொண்டிருந்ததில் அது மறந்துபோயிற்று.

"நேத்து பத்து பத்துக்கு ஒரு பள்ளம் இருக்கு, அது அவன். மத்ததெல்லாம் யாரு? கதவு திறக்கிறப்பல்லாம் நாலு டிகிரி இறங்குது. முட்டை எப்படிப் பொரியும்?" மேடத்தின் விரல் ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்ந்தது. "அன்னிக்கு அவன் ஊர்லயே இல்ல. முப்பத்தோரு தடவ."

ஊருக்குப் போகிறேன் என்று அவன் சொன்னதை நம்பாமல்தான் அன்றைக்கு அதிகம் திறந்தேன். சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போயிருப்பான் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. என்னை நினைத்து எனக்கே பயமாக இருந்தது.

"நான்தான் மேடம்."

மேடம் அவன் சாவியை என் பக்கம் தள்ளினார். "நீயே போய்க் குடு. உன்னோடதையும் சேர்த்து."

பூனை நூலகப் படியில் உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன்.  இரண்டு சாவியையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

"நாளைக்குப் பொரியணும் இல்ல? இன்னிக்கு எத்தன தடவ திறந்த?"

"ஒரு தடவகூட இல்ல. சத்தியமா."

வந்ததும் மேடம் பிடித்துக்கொண்டதால் அது உண்மைதான். அவன் தலையாட்டிவிட்டு எழுந்தான். நேராக ஆய்வகத்துக்குப் போய், கருவியில் இன்றைய கிராஃபை முழுதாக ஓட்டிப் பார்த்தான். ஒரு பள்ளமும் இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை ஓட்டினான்.