கடைமடைக்காரி

தஞ்சாவூரில் 'கோச்' என்று பலகை மாட்டினால், வருகிறவர்கள் முதலில் கேட்பது "நீட்டுக்கா, குரூப் ஃபோருக்கா?" என்பதுதான். இரண்டுக்கும் இல்லை, வேலையில் இருப்பவர்கள் தங்கள் வேலையைப் பற்றித் தெளிவாக யோசிக்கத் துணையாக இருப்பேன் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. பிரின்ஸிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் வீட்டுக்காரர் ஆண்டனி ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பதற்கு இவர்கள்தான் காரணம்.

அப்படிக் கேட்காமல் வந்தவள் செவ்வந்தி. இதை எழுத அனுமதி கொடுத்தவளும் அவளே. வேதாரண்யம் பக்கத்துக் கிராமம். நெல் விதை விற்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்து, நாகப்பட்டினம் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டெல்டா முழுமைக்கும் ஒரு மேனேஜர் போடப் போகிறார்கள், அதற்கு அவள் பெயரும் அடிபடுகிறது என்பதால் கம்பெனியே என்னிடம் அனுப்பியிருந்தது. அந்த வேலை அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்று இரண்டாவது சந்திப்பிலேயே நான் ஆசைப்பட ஆரம்பித்துவிட்டேன். கோச் அப்படி ஆசைப்படக் கூடாதுதான். என்ன செய்வது, அவள் சிரிப்பு அப்படி.

குறிப்பெடுக்க நான் ஒரு ஏஐ செயலி வைத்திருந்தேன். பேச்சைக் கேட்டு எழுதும், பிறகு சுருக்கியும் தரும். முதல் நாளே அவளிடம் கேட்டுவிட்டேன். "நாம பேசறத இது எழுதிக்கும். வேணாம்னா அணைச்சிடறேன். எழுதினதும் நம்ம ரெண்டு பேரைத் தாண்டிப் போகாது."

"எழுதட்டும் மேடம். நான் பேசற வேகத்துக்கு உங்களால எழுத முடியாது" என்றாள்.

கடைசிச் சந்திப்புக்கு முதல் நாள், கம்பெனி முதலாளி நெடுமாறன் போன் செய்தார்.

"மேடம், ஏதோ ஏஐ எல்லாத்தையும் சுருக்கித் தருதாமே. செவ்வந்தியோடத ஒரு பக்கம் அனுப்பி விடுங்க. திங்கக்கிழமை முடிவு பண்ணணும்."

"அது அவங்க பேச்சு சார். அவங்க சொல்லாம தர முடியாது."

"அனுப்பினது நாங்கதானே?"

"ஆள அனுப்பினது நீங்க. மனசத் திறந்து பேசினது அவங்க" என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் வந்தது.

போனை வைத்துவிட்டு அந்தச் சுருக்கத்தைத் திறந்தேன். 'தன்னைக் கடைசி இடத்தில் வைத்துப் பார்க்கிறார். தாழ்வு மனப்பான்மை தெரிகிறது. பெரிய பொறுப்புக்கு இன்னும் தயாராகவில்லை' என்று எழுதியிருந்தது. இது மட்டும் நெடுமாறன் கைக்குப் போயிருந்தால் அவள் கதை முடிந்தது. அவ்வளவு உறுதியாக எழுதியிருந்ததில், ஒருவேளை அப்படித்தானோ என்று எனக்கே ஒரு நொடி தோன்றிவிட்டது.

அவள் நிஜமாகவே என்ன சொன்னாள் என்று தேடிப் பார்த்தேன். 'நான் கடைமடைக்காரி மேடம். அத மறந்துட்டு என்னால ஒரு முடிவும் எடுக்க முடியாது.' இவ்வளவுதான். காவிரித் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் ஊர்கள் கடைமடை என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். செயலியோ 'கடை'யைப் பிடித்துக்கொண்டு மடையை விட்டுவிட்டது! ஆனால் செவ்வந்தி அதை எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்பது எனக்கும் தெரியாது. நானாக ஊகித்துக்கொண்டால் எனக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

மறுநாள் அவள் வந்ததும் திரையை அவள் பக்கம் திருப்பினேன். படித்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள்.

"தாழ்வு மனப்பான்மையா? எனக்கா? எங்க மாமியார் கேட்டா சிரிச்சே மயங்கிடுவாங்க!"

"சரி, நீங்க என்ன நினைச்சுச் சொன்னீங்க?"

"மேட்டூர் திறந்ததும் மேல இருக்கவங்க நாத்து விட ஆரம்பிச்சிடுவாங்க. எங்களுக்குத் தண்ணி வரலன்னா, நாங்கதான் வாய்க்காலோட மேல ஏறி நடப்போம். எங்க அடைச்சிருக்கு, எங்க கரை உடைஞ்சிருக்கு, எந்த ஊர்ல யார்கிட்ட பேசணும், எல்லாம் பாக்கணும். தலைமடைக்காரங்களுக்கு அவங்க வயல் தெரிஞ்சா போதும். எங்களுக்கு வாய்க்கால் முழுக்கத் தெரியணும்."

சொல்லிவிட்டு அவளே திகைத்துப்போய் நிமிர்ந்தாள். "மேடம், டெல்டா மேனேஜர் வேலையே இதுதானே!"

நான் வாயைத் திறக்கவில்லை. என் பிழைப்பில் இதைவிடக் கஷ்டமான காரியம் கிடையாது. உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன்.

"இந்தச் சுருக்கத்த அழிச்சிடவா?" என்று மட்டும் கேட்டேன்.

"அழிச்சிடுங்க. சாருக்கு நானே நேர்ல சொல்லிக்கறேன்."

அவள் கண்முன்னே அழித்தேன். அதன்பிறகு அந்தச் செயலிக்குப் பேச்சை எழுதுகிற வேலை மட்டும்தான். ஆளை எடைபோடுகிற வேலையை அதனிடமிருந்து பிடுங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை மதியம் போன் அடித்தது.

"மேடம், உள்ள போனதும் சார் மொதல்ல என்ன கேட்டாரு தெரியுமா? 'ரிப்போர்ட் எங்கம்மா?'ன்னாரு."

"ஐயோ! நீங்க என்ன சொன்னீங்க?"

"'உங்க எதிர்லதான் உக்காந்திருக்கு சார், என்ன வேணும்னாலும் கேளுங்க'ன்னேன். கேட்டாரு மேடம், கேட்டாரு, டீ ஆறிப்போற வரைக்கும் கேட்டாரு. இப்ப உங்ககிட்ட டெல்டா மேனேஜர் பேசறேன்!"

நான் போட்ட கூச்சலில், கீழே மருந்துக்கடை வைத்திருக்கும் சித்தீக் பாய் பதறிப்போய் மாடியேறி வந்துவிட்டார்.

"என்னாச்சும்மா?"

சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் அது செவ்வந்தியின் சேதி. அவள் சொல்லும் வரை என் வாயிலிருந்து வரக் கூடாது.

"ரொம்ப நல்ல சேதி பாய், என்னன்னு மட்டும் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினேன்.