எட்டாத கம்பி

"போட்டுக்கோ. அவன் சட்டைதான். கையை மடிச்சு விட்டா சரியாப் போயிடும்."

மாமியார் நீட்டிய காக்கிச் சட்டையை மருமகள் வாங்கிப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டாள். மடித்த கை நிற்காமல் நழுவி விரல் நுனிவரை இறங்கியது. புருஷனின் சட்டைக்கை இப்படி நழுவித்தான் மிஷின் உருளைக்குள் போய் அவனையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

ரப்பர் தொழிற்சாலையில் அது ஊறிப்போன வழக்கம். ஆள் செத்தால் அதே மிஷின் அவன் வீட்டுக்கு. வேண்டாமென்றால் அந்த வீட்டுக்கு வேலையே கிடையாது. மிஷினுக்கு யார் பொருத்தம் என்று கேட்க நாதியில்லை. செத்தவனுக்கு யார் சொந்தம் என்று மட்டும் கேட்பார்கள். இதைப் பெரிய மனசு என்று ஊரே மெச்சியது, வெட்கக்கேடு!

"தம்பி, நீங்க அங்க நில்லுங்களேன். நான் உங்க பேக்கிங் மேஜைக்குப் போறேன்" என்றாள் கொழுந்தனிடம். அவன் நெடுநெடுவென்று வளர்ந்தவன், பட்டப்பெயரே ஒட்டகம். தாழ்ந்த மேஜையில் குனிந்து குனிந்து அட்டைப்பெட்டி ஒட்டியே முதுகு போனவன்.

"ஐயையோ அண்ணி! அண்ணன் போன இடத்துல நான் எப்படி நிப்பேன்?"

"எனக்கு மிச்சமிருக்கிறது இவன் ஒருத்தன்தான்" என்றாள் மாமியார். மருமகளுக்குச் சுருக்கென்றது.

தொழிற்சாலையில் அந்த மிஷின் காத்திருந்தது. ஒன்றையொன்று உரசிச் சுழலும் இரண்டு இரும்பு உருளைகள். தலைக்கு மேலே ஒரு சிவப்புக் கம்பி. ஒரு கை சிக்கினால் மறுகையால் அதை இழுத்து நிறுத்த வேண்டும். அவள் நுனிக்காலில் நின்று எக்கிப் பார்த்தாள். இன்னும் ஒரு சாண் இருந்தது.

"எட்டலையே சார்."

மேஸ்திரி சிரித்தார். "கவனமா ஓட்டுறவளுக்கு அது எதுக்கும்மா? அதை இழுக்கிற நெலமை வராமப் பாத்துக்க."

"என் வீட்டுக்காரருக்கு எட்டுச்சு சார். எட்டியும் போய்ட்டாரு."

சங்கு ஊதியது. மற்ற மிஷின்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. அவள் சட்டையைக் கழற்றி, அசையாத உருளையின் மேல் வைத்தாள்.

"கம்பியை என் கைக்கு இறக்குங்க. இல்லைன்னா எட்டுற ஆளை நிறுத்துங்க. அதுவரைக்கும் சுவிட்சைத் தொட மாட்டேன்."

"வேலை போயிடும், தெரியுமா?"

"கை போறதுக்கு அது தேவலை சார்."

எட்டுகிற ஆளைத் தேடி மேஸ்திரி சுற்றிலும் பார்த்தார். ஒட்டகம் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் உடம்பை மடக்கிக் குனிந்திருந்தான். அவ்வளவு நெட்டையான ஆள், அன்றைக்கு அண்ணியைவிடக் குள்ளமாகத் தெரிந்தான்.