சனிக்கிழமை எல்லாரும் லைப்ரரி

சனிக்கிழமை காலை பத்து மணி வரவே கூடாது என்று ஷாமிளா வேண்டிக்கொண்டாள். பத்து மணிக்குப் பிரதேச சபைத் தவிசாளர் நூலகத்துக்கு வருவார். பின்பக்கத்து ஆவண அறையை அளந்து பார்ப்பார். அளந்துவிட்டால் சபையின் உடைந்த கதிரை மேசைகள் அங்கே குடிவந்துவிடும். அறைக்குள் இருக்கும் தகரப் பெட்டி எங்கே போகும் என்று யாரும் சொல்லவில்லை.

தவிசாளர் கெட்ட மனிதர் இல்லை. "மாதத்துக்கு நாற்பது பேராவது பாவிக்காத அறை எதற்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த மாதத்து வருகைப் பதிவேட்டில் மூன்றே மூன்று கையெழுத்து இருந்தது. ஒன்று ஷாமிளாவுடையது. இன்னொன்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ரொபர்ட்டுடையது. அவர் வருவது மின்விசிறிக் காற்றுக்காக. மூன்றாவது ஆள் கழிப்பறை எங்கே என்று கேட்க வந்தவர். வந்தவரைச் சும்மா விடக்கூடாது என்று கையெழுத்து வாங்கிவிட்டாள்.

ஷாமிளா நூலகவியலில் முதுமாணிப் பட்டத்துக்குப் படிக்கிறவள். எஹலியகொடப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கொழும்பு விடுதிச் சோற்றில் வளர்ந்தவள். மூன்று மாத உள்ளகப் பயிற்சிக்கு அவளுடைய வகுப்பு முழுக்கக் குளிரூட்டிய நூலகங்களாகப் பார்த்துப் போக, இவள் மட்டும் கொடகவெலவுக்கு அப்பால் இந்தச் சின்ன டவுனுக்கு பஸ் ஏறினாள். எல்லாம் அந்தப் பெட்டிக்காகத்தான்.

டவுனில் அப்துல் ரஸாக் என்று ஒருவர் ஸ்டூடியோ வைத்திருந்தார். அவர் மறைந்த பிறகு மகள் றிப்தா, வீட்டில் கிடந்த படங்களைப் பெட்டியோடு நூலகத்துக்குக் கொடுத்துவிட்டாள். நானூற்றுப் பன்னிரண்டு படங்கள். எல்லாம் மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்து ஆட்கள், எழுபதுகளில் எடுத்தவை. பாதிப் பேர் இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியா போவதற்குக் கடவுச்சீட்டுக்கென்று உட்கார்ந்தவர்கள். படத்தின் பின்புறத்தில் இலக்கம் மட்டும் இருந்தது. இலக்கத்துக்குரிய பெயர்களை எழுதிய கொப்பியைக் கறையான் தின்று ஏப்பமும் விட்டிருந்தது.

"பெண், தொழிலாளி, பெயர் தெரியாது." இப்படி முப்பது அட்டை எழுதியதும் ஷாமிளாவுக்கு அழுகை வந்தது. அவள் அப்பாயி படம் ஒன்று எங்காவது ஒரு பெட்டியில் கிடந்தால் அதற்கும் இப்படித்தானே எழுதுவார்கள்? பேனாவை மூடிவைத்துவிட்டாள். 212ஆம் படத்தில் ஆறேழு வயதுச் சிறுமி ஒருத்தி, உதட்டை இறுக்க மூடிக்கொண்டு கமராவை எரித்துவிடுகிற மாதிரி முறைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு மட்டும் 'கோவக்காரி' என்று தானே பெயர் வைத்து, தினமும் காலையில் ஒரு வணக்கம் சொல்லிவந்தாள்.

தோட்டத்து ஆட்கள் வந்து பார்த்தால் ஒரு நாளில் பெயர்கள் கிடைத்துவிடும். ஆனால் வரவேண்டுமே! மூன்று மொழியில் அறிவித்தல் ஒட்டினாள், ஆடு தின்றது. தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்கினாள். "பாப்போம் பாப்பா" என்று எல்லா வீட்டிலும் தேத்தண்ணி கொடுத்தார்கள். பாப்போம் என்றால் மாட்டோம் என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும்.

கடைசியில், தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சுதாகரனைப் பிடித்தாள். இளம் பையன், வேலைக்கு வந்து ஆறு மாதம்தான். "காலைப் பிரட்டுல இத வாசிச்சு விடுங்களேன்" என்று ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்தாள். விருப்பமானவர்கள் சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மேல் நூலகத்துக்கு வந்து பழைய படங்களைப் பார்க்கலாம் என்று அழகாக எழுதியிருந்தாள்.

தோட்டத்தில் பிறந்தவள் ஒன்றை மறந்துவிட்டாள். பிரட்டு என்பது விடியற்காலையில் ஆட்களை நிறுத்தி அன்றைய வேலையைச் சொல்லும் இடம். அங்கே விருப்பமானவர்கள் என்று ஒரு இனமே கிடையாது. பிரட்டில் சொன்னால் சொன்னதுதான்.

சனிக்கிழமை தூக்கம் பிடிக்காமல் முதல் பஸ்ஸிலேயே வந்து ஏழு மணிக்கு இறங்கினாள். நூலக வாசலைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. எண்பது பேருக்குக் குறையாது. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு, கையில் கத்தி, சுரண்டி, ரொட்டிப் பொட்டலம், தேத்தண்ணிப் போத்தல். முழங்கால் உயரத்துக்குப் புல் மண்டிக்கிடந்த நூலகத்து வளவு, மொட்டையடித்த தலைபோலச் சுத்தமாக இருந்தது.

பெண்கள் கூட்டத்துக்குத் தலைமையாக நின்ற செலினா கங்காணி முன்னால் வந்தார். ஐம்பது தாண்டிய பொம்பளை. அவர் குரலுக்கு இரத்தம் குடிக்கிற அட்டைகூட ஒதுங்கிப்போகும் என்பார்கள்.

"வாங்க பாப்பா. புல்லு முடிஞ்சிருச்சு. அடுத்த வேலை என்னா?"

"ஐயோ, நான் வேலைக்குக் கூப்பிடலியே அக்கா!"

"கூப்பிடலியா? பிரட்டுல சொன்னாங்களே!"

எல்லாத் தலைகளும் கூட்டத்தோடு வந்திருந்த சுதாகரன் பக்கம் திரும்பின. அவன் தலையைச் சொறிந்தான். "நீங்க குடுத்த துண்ட அம்மா சட்டையோட தொவைச்சிட்டாங்க மிஸ். ஞாபகம் இருந்ததத்தான் சொன்னேன்."

"என்னா சொன்னீங்க?"

"சனிக்கிழமை கொழுந்து இல்ல. சனிக்கிழமை எல்லாரும் லைப்ரரி."

அந்த நேரம் பார்த்து நூலகர் பிரேமலதாவின் ஆட்டோ வந்தது. கத்தியோடு எண்பது பேரைப் பார்த்த வேகத்தில் ஆட்டோ அப்படியே திரும்பிச் சந்திக்கடைக்குப் பின்னால் போய் ஒளிந்தது. ஷாமிளாவின் போன் அடித்தது. "அனே ஷாமிளா, ஸ்ட்ரைக்கா? நான் யாருக்கு என்ன செய்தேன்?" என்று சிங்களத்தில் அழாக்குறையாகக் கேட்டார். அவரைச் சமாதானப்படுத்தி உள்ளே கொண்டுவரப் பத்து நிமிடமாயிற்று.

இனி இவர்கள் கோபித்துக்கொண்டு போனால் எல்லாம் முடிந்தது. ஷாமிளா மூச்சைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னாள். "வேலை ஒண்ணும் இல்ல. படம் பார்க்கத்தான் கூப்பிட்டேன். ஒங்க ஆளுங்க படம். யாரு என்னான்னு தெரியாம, பேர் எழுதாமக் கெடக்கு. இன்னிக்கி விட்டா அறையும் போயிரும், படமும் போயிரும்."

செலினா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு படங்கை அவிழ்த்துக் குழாயடியில் கை கழுவினார். "இத மொதல்லயே சொன்னா என்னா? ஏய், எல்லாரும் கை கழுவுங்க! கத்திய அந்த மரத்தடியில வைங்க!"

அதற்குப் பிறகு ஷாமிளாவுக்கு வேலையே இல்லை. செலினா ஆட்களைப் பத்துப் பத்தாகப் பிரித்தார், மேசைக்கு ஒரு கூட்டம் என்று நிறுத்தினார். பதிவேட்டில் கையெழுத்து வைக்காமல் ஒரு ஆள் உள்ளே போக முடியவில்லை. கொழுந்து மலையில் ஆளுக்கொரு செடி வரிசையாக நிரை பிடிப்பதுபோலப் படங்கள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நகர்ந்தன.

"இது எங்க மாமன்!"

"ஒங்க மாமனா? காதப் பாரு, அது கீழ் லயத்துச் சவரிமுத்து!"

இராமசாமிக்கும் வெள்ளையம்மாவுக்கும் ஒரு மூக்கை வைத்துப் பெரிய சண்டை. சண்டை தீர வெள்ளையம்மா போனை எடுத்துத் தமிழ்நாட்டுக் கூடலூரில் இருக்கும் சித்தி மகளுக்கு வீடியோ அழைப்பு போட்டு, படத்தை அதற்கு நேரே பிடித்தார். போனுக்குள்ளிருந்து வந்த கூச்சலில் நூலகமே அதிர்ந்தது. "எங்கப்பா! எங்கப்பா! அவருக்கு ஒரு படம்கூட எங்ககிட்ட இல்லியே!" அமைதி காக்கவும் என்ற பலகைக்குக் கீழே நின்று பிரேமலதா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஷாமிளா எழுதினாள், எழுதினாள், விரல் வலிக்க எழுதினாள். இவ்வளவு சந்தோஷமான வலி அவளுக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

212 மூன்றாம் மேசைக்கு வந்தபோது அங்கே சிரிப்பு வெடித்தது. செலினா எட்டிப் பார்த்தார். சிரித்தவர்களை முறைத்தார். அதே முறைப்பு, அதே இறுக்கிய உதடு. ஷாமிளா படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா... நீங்களா?"

"முன்பல்லு ரெண்டும் விழுந்திருந்துச்சு. படம் புடிச்ச ரஸாக் நானா சிரி சிரின்னு சொன்னாரு. ஓட்டப் பல்லக் காட்ட மாட்டேன்னேன்" என்றார் செலினா. குரல் முதல்முறையாகத் தாழ்ந்திருந்தது. "இந்தியா போறதுக்கு எடுத்தது. அப்பாவுக்கு மனசு வரல, போகல."

பத்து மணிக்குத் தவிசாளர் அளவு நாடாவோடு வந்தார். அறைக்குள் நாடாவை விரிக்க இடமில்லை. காலை வைக்கவே இடமில்லை. வாசலில் அவரை மறித்த செலினா, நல்ல சிங்களத்தில், "மாத்தயா, வரிசையில வாங்க. கையெழுத்து வச்சிட்டு உள்ள போங்க" என்றார். பாவம், மனிதர் வரிசையில் நின்றார். எண்பத்தேழாவது கையெழுத்து அவருடையது. பேனாவை வைத்துவிட்டுப் பதிவேட்டை முதலிலிருந்து புரட்டினார்.

"நாற்பதுதானே கேட்டேன்" என்றார்.

"பிரட்டுல சொன்னோம், சேர்" என்றாள் ஷாமிளா.

அவர் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். கதிரைகளை வேறெங்காவது பார்ப்போம் என்றார். இந்தப் 'பாப்போம்' மட்டும் நிஜமான பாப்போம்.

மதியத்துக்குள் முந்நூற்று நாற்பது படங்களுக்குப் பெயர் வந்துவிட்டது. மிச்சத்துக்கு அடுத்த சனிக்கிழமை. எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று செலினா கேட்க, ஒன்பது என்று சொல்ல வாயெடுத்த பிரேமலதா, அவர் முகத்தைப் பார்த்ததும் ஆறரை என்றார்.

போகுமுன் எல்லாரும் சேர்ந்து படம் எடுக்கவேண்டும் என்று பிரேமலதாவுக்கு ஆசை. படிக்கட்டில் நிறுத்தினார்கள். சுதாகரன் போனை உயர்த்தினான்.

"நில்லு!" என்றார் செலினா. "மொதல்ல பேர எழுதச் சொல்லு. அப்புறம் படம்."

ஷாமிளா இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாக, ஒருவரையும் விடாமல் எழுதினாள். உச்சி வெயிலில் இருபது நிமிடம் ஆனது. ஒருவரும் அசையவில்லை, பிரட்டுக்கு நின்று பழகிய கால்கள். கடைசிப் பெயரை எழுதி முடித்து அவள் தலை நிமிர்ந்ததும் சுதாகரன் மூன்று எண்ணினான்.

செலினா வாயை அகலத் திறந்து சிரித்தார். முன்பல் ஒன்று இப்போதும் இல்லை.