இரண்டாவது ரத்தப் பரிசோதனை

கடலூர் ரோட்டில் இருந்த தனியார் ஆஸ்பத்திரியில் பூங்கோதைக்கு ரத்தம் எடுத்தபோது அவளுக்குப் பத்தாவது வாரம். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் எடுப்பதுதான். பீங்கான் தொழிற்பேட்டையில் பியூஸ் கட்டைகளுக்குப் பிசிறு சீவும் வேலை அவளுக்கு. அரை நாள் லீவு போட்டுவிட்டு ரிசல்ட் வாங்கப் போனாள்.

டாக்டரம்மா கதவைச் சாத்தச் சொன்னார்.

"இது தப்பான உறவுல தொத்துற மேகநோய்க்கான டெஸ்ட்டும்மா. பாசிட்டிவ்னு வந்திருக்குது. வூட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க, அவருக்கும் பாக்கணும்."

அதற்குமேல் டாக்டரம்மாவின் வாய் அசைவது மட்டும் பூங்கோதைக்குத் தெரிந்தது.

அவள் புருஷன் தமிழ்ச்செல்வன் அதே பேட்டையில் சூளை பார்ப்பவன். மறுநாளே வந்து ரத்தம் கொடுத்தான். அவனுக்கு நோய் எதுவும் இல்லை என்று வந்தது. வீட்டுக்குள் வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டான்.

"யாரு?"

ஆறு வருஷம் கூட வாழ்ந்தவன் கேட்ட கேள்வி அது. அவளுக்கு அழுகை வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் வாய் திறக்காததையே பதிலாக எடுத்துக்கொண்டு, துணிமணியைப் பையில் திணித்துப் பெண்ணாடத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான்.

நாலாம் நாள் அவள் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"யாரோட ரத்தமோ மாறிப் போச்சு சிஸ்டர். திரும்ப எடுங்க."

நர்ஸ் ஜெயமேரி மறுபேச்சில்லாமல் எடுத்தாள். மறுபடியும் பாசிட்டிவ். பூங்கோதை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். தன் உடம்பில் தனக்கே தெரியாமல் என்ன புகுந்தது, எந்த ஊசியில் வந்தது என்று யோசித்து யோசித்து மூளை குழம்பியது. ஜெயமேரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இதுக்கு முன்னாடி ரெண்டு புள்ள தங்கலன்னு சொன்னீங்கல்ல? இந்த டெஸ்ட்டு சில பேருக்குப் பொய்யா பாசிட்டிவ் காட்டும்னு படிச்சிருக்கேன். நோயி நெசமான்னு பாக்க வேற டெஸ்ட்டு இருக்குது. பாண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. தள்ளிப் போடாதீங்க."

மறுநாள் விடிந்ததும் தனியாகப் பஸ் ஏறினாள். அங்கே டாக்டர் பானுமதி சீட்டைப் பார்ப்பதற்கு முன் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சீட்டைப் படித்துவிட்டுக் கேட்டார்.

"முதல் ரெண்டும் எத்தனாவது மாசத்துல போச்சு?"

"ஒண்ணு அஞ்சுல. இன்னொண்ணு ஏழு முடியிறப்ப, வயித்துலயே."

"கால் எப்பவாவது வீங்கி வலிச்சுதா?"

வலித்தது. ரெண்டாவது போன மறுவாரம் இடது கால் தூணாக வீங்கியது. நின்றபடி வேலை பார்ப்பதால் என்று எண்ணெய் தேய்த்துவிட்டார்கள்.

ரத்தம் எடுத்துக்கொண்டு, பத்து நாள் கழித்து வரச் சொன்னார் டாக்டர். அன்றைக்கு மேஜைமேல் மூன்று காகிதங்கள் இருந்தன.

"உங்களுக்கு அந்த நோய் இல்லம்மா. எப்பவும் இருந்ததில்ல. உங்க ரத்தத்துல ஒரு எதிர்ப்புப் பொருள் இருக்குது. கிருமியத் தாக்க வேண்டியது உங்க ஒடம்பயே தாக்குது. அதனால நஞ்சுக்கொடியில ரத்தம் உறைஞ்சு, புள்ளைக்குப் போறது நின்னுடுது. அந்த டெஸ்ட்டு தப்பாக் காட்டினதும் இதாலதான்."

"இதுக்கு மருந்து இருக்குதா?"

"இருக்குது. ரத்தம் உறையாம இருக்க ஊசி, கூட ஒரு சின்ன மாத்திரை. பன்னெண்டு வாரம் கழிச்சு இந்த டெஸ்ட்ட இன்னொரு தடவ எடுத்து உறுதி பண்ணணும். ஆனா மருந்த இன்னைக்கே ஆரம்பிச்சுடலாம்."



"இந்த ஊசி, முதல் புள்ள போனப்பவே இருந்துச்சாங்க டாக்டர்?"

"இருந்துச்சும்மா."

யாரு என்று புருஷன் கேட்டபோதுகூட வராத அழுகை அப்போது வந்தது. கனமான அச்சைத் தூக்கினதால் போச்சு, சூளைச் சூட்டில் போச்சு என்று ஊரே சொன்னதை அவளும் நம்பி, இத்தனை வருஷமாகத் தன்னையே வைதுகொண்டிருந்தாள்.

தகவல் சொல்லி அனுப்பியதும் தமிழ்ச்செல்வன் பாண்டிக்கு வந்தான். டாக்டர் எல்லாவற்றையும் அவனிடம் மறுபடி சொன்னார். வெளியே வந்ததும், "தப்புப் பண்ணிட்டேன் பூங்கோதை" என்றான். வயிற்றில் ஊசி போட நர்ஸ் அவளுக்குக் கற்றுக்கொடுத்தபோது, ஊசியை வாங்க அவன் கை நீட்டினான்.

"வேணாம். நானே போட்டுக்கறேன்," என்றாள்.

தினம் ரெண்டு ஊசி. வயிறெங்கும் கருநீலக் கன்றல். அஞ்சு மாதம் தாண்டியது. பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பொருள் ரத்தத்தில் இருந்தது. ஏழு மாதமும் தாண்டியது. எட்டில் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, இனிக் காத்திருக்க முடியாது என்று ஊசியை நிறுத்தி, மறுநாள் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்க் கிடந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. அழுகைச் சத்தம் ஒன்று மெலிதாகக் கேட்டது.

"யாரோட புள்ள சிஸ்டர் அழுவுது?" என்று கேட்டாள்.

நர்ஸ் குனிந்து பார்த்தாள். "இங்க வேற யாரும்மா இருக்காங்க? உன்னோடதுதான். பொண்ணு."

பூங்கோதைக்கு நம்பத் தெரியவில்லை. அவள் பெற்ற பிள்ளை எதுவும் அதுவரை அழுததில்லை. ஒன்றே முக்கால் கிலோ இருந்த குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க எடுத்துப் போனார்கள். வாசலில் நின்றிருந்த தமிழ்ச்செல்வன், உள்ளே வரலாமா என்று ஆள் விட்டுக் கேட்டான்.

"மொதல்ல புள்ளயப் போய்ப் பாக்கச் சொல்லுங்க," என்றாள்.