சிவப்பனுக்கு முளைத்த கை

தாள்கட்டு மேசைக்கு வந்ததும் பின்னக்கா முதல் தாளை உருவி விரித்துப் பிடித்தாள். புத்தக முதுகில் கம்பிப் பின் அடிக்கிற மெஷினில் நெடுநாளாக இருப்பவள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. மடிப்பதற்கு முன்னால் தாளை ஒரு பார்வை பார்ப்பது பைண்டிங் கூடத்துப் பழக்கம். பாயளவு தாள். அதில் படக்கதைப் புத்தகத்தின் பக்கங்கள் பாதி நேராகவும் பாதி தலைகீழாகவும் கிடக்கும். முதல் பக்கத்தின் தோளில் கடைசிப் பக்கம் ஒட்டியிருக்கும். அங்கே யாரும் கதையை முதலிலிருந்து படித்ததில்லை.

"அடியே, சிவப்பனுக்குக் கை முளைச்சிருச்சு."

"எப்பக்கா வெட்டுப்பட்டுச்சு?"

பின்னக்கா தாளைச் சுற்றிப் பிடித்தாள். "இந்தா, இப்பத்தான் வெட்டுறான்."

பெண்கள் சிரித்தார்கள். அட்டையில் அந்த வீரனுக்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று இருந்தது. சிவப்பு அங்கி பறக்கப் பறப்பதால் இங்கே அவன் சிவப்பன்.

"பறந்து வந்து மோதி அவ்ளோ பெரிய கட்டடத்தை ஒடைச்சிட்டுப் போறானே, அதையெல்லாம் யாருடி அள்ளுறது?"

"வேற யாரு? நம்மள மாதிரி நாலு பேரு. அவங்க படத்துல வரமாட்டாங்க."

வெட்டுகிற மெஷினில் நின்றவள் சிரிக்கவில்லை. பின்னக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு தாளை மடித்தாள்.

"வாய் தவறிடுச்சு தங்கச்சி."

"சிரிங்கக்கா. அவரே பாத்தா சிரிப்பாரு."

அந்த மெஷினை ஓட்டியவன் அவள் கணவன். கூடத்தில் அவனைக் கத்திக்காரன் என்பார்கள். அவன் வெட்டுவான், அவள் பக்கத்தில் நின்று அடுக்குவாள். பின் அடித்த புத்தகங்களை அடுக்கி உள்ளே தள்ளி, இரண்டு கையாலும் இரண்டு பட்டன்களை அழுத்தினால்தான் கத்தி இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் கத்திக்கடியில் இருக்காது. அதற்காகத்தான் அப்படிச் செய்திருந்தார்கள். சிறப்பிதழ் வேலை வந்ததும் மேனேஜர் இடது பட்டனை அழுத்திவைத்து மேலே டேப் ஒட்டச் சொன்னார். இடது கை அடுக்கைத் தள்ளும், வலது கை பட்டனை அழுத்தும். வேலை பறந்தது. பிறகு ஒருநாள் அடுக்கு நழுவியது. கத்திக்காரன் அதைப் பிடிக்கப் போனான். இடது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

அவன் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, "நீயே நில்லு. வீட்டுல அடுப்பு எரியணுமில்ல?" என்றார். நின்றாள். டேப் மட்டும் புதிதாக ஒட்டப்பட்டிருந்தது.

சிவப்பனுக்குக் கை முளைத்த அன்று சாயங்காலம் மேனேஜர் அவளை மறுபடி கூப்பிட்டார்.

"நாளைக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வர்றாரு. கேட்டா, படிச்சுக்கிட்டே வெட்டினாருன்னு சொல்லு."

"படிக்கலையே சார்."

"அவரு பெட்டியைத் திறந்தா பூரா சிவப்பன் புத்தகம். ஊருக்கே தெரியும். நீ அதைச் சொன்னாப் போதும், அவருக்குக் கேட்டுல உக்காந்து பாக்குற வேலை தர்றேன். இல்லேன்னா நஷ்டஈடுன்னு அலைவீங்க. ஒத்தக் கையோட அவரு, வேலையில்லாம நீ."

கத்திக்காரனுக்குப் புத்தகப் பைத்தியம் என்பது பொய்யில்லை. கோணல் வெட்டு விழுந்த பிரதிகளைக் குப்பைக்குப் போகவிடாமல் வீட்டுக்குக் கொண்டுவருவான். ஆனால் வெட்டும்போது புத்தகம் மூடித்தான் இருக்கும். ஒரு அடுக்கில் கண்ணுக்குத் தெரிவது காகிதத்தின் ஓரம் மட்டும்.

வீட்டில் அவன் கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் தூக்கிவைத்துக்கொண்டு படுத்திருந்தான். அவள் சோற்றைப் பிசைந்து தட்டை அவன் வலது பக்கம் வைத்தாள்.

"சிவப்பனுக்கு என்ன ஆச்சாம்?" என்றான்.

"கை முளைச்சிருச்சாம்."

"பாத்தியா. அவனுக்கு ஒரே பக்கத்துல முளைச்சிருச்சு. நமக்குத்தான் கொஞ்சம் லேட்டாகுது." அவனே சிரித்தான். கை அசைந்ததும் முகம் சுருங்கியது.

மேனேஜர் சொன்னதைச் சொன்னாள். அவன் ஒரு பருக்கையை விரலால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினான்.

"சொல்லிடேன்."

"என்னன்னு?"

"படிச்சேன்னுதான். படிக்கிறது திருட்டா? கேட்டுல உக்காந்தாலும் மாசம் பொறந்தா சம்பளம் வரும்."

"அப்ப உங்க கையை வெட்டினது நீங்கதான்னு ஆயிடும்."

"ஆனா ஆயிட்டுப் போகுது. கை திரும்பி வரவா போகுது?"

"நாளைக்கு அந்தக் கத்திக்கடியில போறது என் கை."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் இடது பட்டனில் டேப் இல்லை. மண்ணெண்ணெய் போட்டுப் பிசினைத் துடைத்திருந்தார்கள். 'பாதுகாப்பே முதலில்' என்ற அட்டை ஒன்று சுவரில் புதிதாகத் தொங்கியது. ஆய்வாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். கூட வந்த மேனேஜர் அவருக்கு வழியெல்லாம் தாள்கட்டுகளைக் காலால் ஒதுக்கிவிட்டார்.

"இவங்கதான் சார் அவரோட சம்சாரம். நாங்க கைவிடல. அதே மெஷின்ல வேலை குடுத்திருக்கோம்."

ஆய்வாளர் அவளைப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் புத்தகம் படிப்பாராமே?"

"ஆமா சார். சிவப்பன்னா உசுரு."

மேனேஜர் தலையாட்டினார்.

"சரி, மெஷினைக் கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்க."

அவள் அடுக்கை உள்ளே வைத்தாள். அசையவில்லை.

"உங்களுக்குக் காட்டுற மாதிரி ஓட்டணுமா சார், வேலைக்கு ஓட்டுற மாதிரி ஓட்டணுமா?"

ஆய்வாளருக்குப் புரியவில்லை. "வேலைக்கு எப்படியோ அப்படித்தான்."

அவள் பொட்டலம் கட்டும் மேசைக்குப் போனாள். டேப் சுருளை எடுத்து, பல்லால் கடித்துத் துண்டு கிழித்தாள். திரும்பி வந்து இடது பட்டனை உள்ளே அழுத்தி, குறுக்கே ஒன்றும் நெடுக்கே ஒன்றும் ஒட்டினாள். மேனேஜர், "ஏய், என்ன பண்ற?" என்றார். அவள் இடது கையால் அடுக்கைத் தள்ளினாள். வலது கையால் அழுத்தினாள். கத்தி இறங்கி ஏறியது. அது ஏறி முடிப்பதற்குள் இடது கை உள்ளே போய் அடுத்த அடுக்கைத் தள்ளியது. மறுபடி கத்தி. மறுபடி கை. வெட்டுப்பட்ட காகிதக் கீற்றுகள் காலடியில் விழுந்தன. சிவப்பும் நீலமுமான ஓரங்கள்.

"போதும்! போதும்மா, நிறுத்துங்க!" ஆய்வாளர் பின்னால் நகர்ந்து ஒரு தாள்கட்டில் இடித்துக்கொண்டார்.

அவள் நிறுத்தினாள். "இப்படித்தான் சார் வேலை. இதுல எங்க படிக்கிறது? கண்ணைச் சிமிட்டினா கை போயிடும். அவரு கை அப்படித்தான் போச்சு."

"நான் சொல்லவே இல்ல சார். இவளா பண்றா!" மேனேஜரின் குரல் உடைந்தது. "புருஷனைக் காப்பாத்த நாடகம் ஆடுறா!"

பின் அடிக்கிற மெஷின் நின்றது. பிறகு மடிக்கிற மெஷின். கூடம் அவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

"நாடகம்னா இங்கயும் ஒரு சீன் இருக்கு சார்," என்றாள் பின்னக்கா. "என் மெஷினுக்கும் வாங்க. ஊசிக்கு முன்னாடி ஒரு மூடி இருக்கணுமாம். நான் வந்த நாள்லேர்ந்து பாத்ததில்ல. உங்க கண்ணுக்காவது தெரியுதான்னு பாருங்க."

ஆய்வாளர் பின்னக்காவின் மெஷினைப் பார்த்தார். ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. பிறகு மேனேஜருடன் அறைக்குள் போனார். கதவு மூடியே இருந்தது. வெளியே வந்தபோது யார் முகத்தையும் பார்க்காமல் காரில் ஏறினார்.

அன்று மேனேஜர் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் டேப்பைப் பிய்த்துவிட்டு, வேலை முடியும்வரை இரண்டு கையாலும் வெட்டினாள். அடுக்குகள் தேங்கின. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

வீட்டில் கத்திக்காரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். "என்னைக் கேட்டிருந்தா வேணாம்னிருப்பேன்," என்றான். கொஞ்சம் கழித்து, "பல்லால கடிச்சா கிழிச்ச?" என்று கேட்டான்.

மறுநாள் காலையில் கேட்டில் வழக்கம்போல வரிசை. சுவரில் வருகைப் பதிவுப் பெட்டி. விரலை வைத்தால் பச்சை எரியும், கம்பிக்கதவு திறக்கும். அவள் ஆள்காட்டி விரலை வைத்தாள். சிவப்பு எரிந்தது. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். சிவப்பு.

"ஆபீஸ்ல உன் பேரை எடுத்துட்டாங்க போலம்மா," என்றார் காவலாளி, தரையைப் பார்த்தபடி. "எனக்கு ஒண்ணும் தெரியாது. கொஞ்சம் தள்ளி நின்னுக்கோ. பின்னாடி ஆளுங்க வரணும்."

அவள் தள்ளி நிற்கவில்லை. நடுவிரலை வைத்தாள். மோதிர விரலை வைத்தாள். சுண்டு விரல், கட்டைவிரல். பிறகு இடது கை. ஒவ்வொரு விரலாக, அழுத்தி, அவசரப்படாமல் வைத்தாள். பத்து விரலுக்கும் சிவப்பே எரிந்தது.

"அடுத்த ஆள் வாங்க," என்றார் காவலாளி.

அடுத்து நின்றது பின்னக்கா. அவள் இரண்டு கையையும் கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும் கட்டிக்கொண்டாள். உள்ளே வேலை தொடங்கும் மணி அடித்தது. பெட்டியில் யாரும் விரல் வைக்கவில்லை.